பழைய கணினியில் டிவிடி எழுதி

பழைய கணினியில் டிவிடி எழுதி பொருத்துதல் என்பது, 1990களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட வீட்டுக் கணினியில், அதன் பின்னர் வெளிவந்த வட்டு எழுதும் கருவியை இணைத்துப் பயன்படுத்துவதைக் குறிக்கும். எழுதியின் மேல் குறிக்கப்பட்டிருப்பது அதனால் எட்டக்கூடிய உச்ச வேகம் மட்டுமே. வன்தட்டிலிருந்து எழுதி வரை தரவு செல்லும் பாதையில் மிக மெதுவான பகுதி எதுவோ, அதுவே உண்மையான வேகத்தைத் தீர்மானிக்கிறது.

பின்னணி

இறுவட்டு ஒன்றில் ஏறத்தாழ 700 மெகாபைட்டு தரவு அடங்கும். ஓரடுக்கு டிவிடியில் 470 கோடி பைட்டுகள், அதாவது ஏறக்குறைய ஆறு இறுவட்டுகளின் தரவு அடங்கும். 2000களில் டிவிடி எழுதிகளின் விலை குறைந்தபோது, பழைய வன்தட்டிலுள்ள படங்களையும் ஆவணங்களையும் படியெடுத்து வைக்க, புதிய கணினி வாங்காமல் எழுதியை மட்டும் வாங்கிப் பொருத்துவது வழக்கமாயிற்று.

தரவு வேகம்

"1x" என்னும் குறியீடு இறுவட்டுக்கும் டிவிடிக்கும் ஒன்றல்ல.

* இறுவட்டு 1x: நொடிக்கு 150 கிலோபைட்டு
* டிவிடி 1x: நொடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட்டு (இறுவட்டைப் போல் சுமார் 9 மடங்கு)
* டிவிடி 16x: நொடிக்கு ஏறத்தாழ 22 மெகாபைட்டு (வட்டின் வெளி விளிம்பில் மட்டும்)

இணைப்பு வகைகள்

* ஐடிஇ: பிஐஓ 4 முறையில் உச்ச வேகம் நொடிக்கு 16.7 மெகாபைட்டு. இம்முறையில் தரவை நகர்த்தும் வேலை முழுவதும் மையச் செயலியின் மேல் விழுகிறது. அல்ட்ரா டிஎம்ஏ 33 முறையில் உச்ச வேகம் 33.3 மெகாபைட்டு; செயலியின் சுமையும் குறைவு. ஒரே வடத்திலுள்ள இரு கருவிகள் ஒரே நேரத்தில் தரவை அனுப்ப இயலாது. ஆகவே வன்தட்டையும் எழுதியையும் தனித்தனி வடங்களில் இணைப்பது நல்லது.
* யூஎஸ்பி 1.1: உச்ச வேகம் நொடிக்கு 1.5 மெகாபைட்டு. நடைமுறையில் டிவிடி 1x வேகம்கூடக் கிடைப்பதில்லை. 2000இல் வெளிவந்த யூஎஸ்பி 2.0க்கான பிசிஐ அட்டையைப் பொருத்தி இக்குறையைப் போக்கலாம்.
* சாட்டா: 2003இல் அறிமுகமானது. பழைய தாய்ப்பலகைகளில் இதற்கான செருகிடம் இல்லாததால் பிசிஐ அட்டை தேவைப்படும். வன்தட்டை மட்டும் ஏற்று, வட்டு இயக்ககங்களை ஏற்காத அட்டைகளும் உண்டு.

இடையக வறட்சி

எழுதும் வட்டு சுழன்றுகொண்டே இருப்பதால் தரவு தடையின்றி வந்துகொண்டிருக்க வேண்டும். இதற்காக எழுதியினுள் இடையகம் எனப்படும் சிறு நினைவகம் உள்ளது. 2 மெகாபைட்டு இடையகம் இறுவட்டு 4x வேகத்தில் மூன்று நொடிகளுக்கு மேல் தாங்கும். டிவிடி 16x வேகத்தில் பத்தில் ஒரு நொடிகூடத் தாங்காது. இடையகம் காலியாவதே இடையக வறட்சி ஆகும். தொடக்ககால எழுதிகளில் இவ்வாறு நேர்ந்தால், ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டு வீணாயிற்று. 2000இல் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த பர்ன்-புரூஃப் நுட்பம், லேசரை நிறுத்தி, தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வழிசெய்தது. பிற நிறுவனங்களும் இத்தகைய நுட்பங்களைச் சேர்த்தன. எனினும் அடிக்கடி நின்று தொடர்ந்தால் நேரம் கூடும். பழைய கணினியில் 4x போன்ற குறைந்த வேகத்தைத் தெரிவு செய்வதே பொருத்தமானது.

இயங்குதளமும் மென்பொருளும்

விண்டோஸ் 98இல் டிஎம்ஏ முறையைப் பயனர் கருவி மேலாளர் வழியாக இயக்க வேண்டியிருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி, பிழைகள் மீண்டும் மீண்டும் நேரும்போது தானாகவே பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். புதிய எழுதி மிக மெதுவாக இயங்க இதுவும் ஒரு காரணம். எக்ஸ்பியில் உள்ளமைந்த எழுதும் வசதி இறுவட்டுகளுக்கானது. டிவிடிக்குத் தனி மென்பொருள் தேவை.

விண்டோஸ் 98 பயன்படுத்தும் ஃபாட்32 கோப்பு முறைமையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்ட இயலாது. எனவே முழு டிவிடியின் பிம்பத்தை ஒரே கோப்பாகச் சேமிக்க முடியாது. கோப்புகளை நேரடியாக வட்டில் எழுத வேண்டும்.

எழுதி முடித்தபின் வட்டை வேறொரு கணினியில் படித்துச் சரிபார்த்த பிறகே வன்தட்டிலுள்ள மூலக் கோப்புகளை அழிப்பது பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

* இறுவட்டு
* வன்தட்டு
* தாய்ப்பலகை