ஒரு பெட்டி அகலம்

எங்க வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் சித்தப்பா பேர், அதுக்குக் கீழே 'வ.ஆ.அம்பேத்கர் மாவட்டம்'. 1989-இல் வடாற்காட்டைப் பிரித்தபோது வைத்த பேர். தொண்ணூறுகள் முடியுமுன்பே அதை எடுத்துவிட்டு வேலூர் மாவட்டம் என்றாக்கினார்கள். 2019-இல் அதையும் மூன்றாக்க, ஆம்பூர் திருப்பத்தூரோடு போயிற்று. பெட்டியில் மட்டும் தலைவர் பேர் அழியவில்லை.

அந்தப் பெட்டியோடுதான் நான் கல்லூரி விடுதிக்குப் போனேன். கட்டில் எங்கே என்று தேடினேன். மூணு பேருக்குக் கட்டின ரூமில் எட்டுப் பேர், சுவரோரம் எட்டுப் பெட்டி. பெட்டிக்கு நேரா அவனவன் பாய். கால்கள் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். ஜன்னலோரம் மூணாம் வருஷத்துக்காரன், கதவோரம் புதுசா வந்தவன்; ராத்திரி வெளியே போறவனெல்லாம் அவனை மிதிச்சுட்டுத்தான் போவான். காலையில் பாயைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்தால்தான் நடக்க வழி. எழுத, சாப்பிட, தலைவைக்க எல்லாத்துக்கும் பெட்டிதான். அடியில் சாதிச் சான்றிதழ், அதுமேல் துணி, ஓரத்தில் அம்மா கொடுத்த ஊறுகாய்.

பெட்டியின் பிடி அறுந்தபோது அப்பா தோல்ஷாப்பிலிருந்து ஒரு வார் கொண்டுவந்து கட்டினார். அந்த வாடைக்கு ரூமில் ஒருத்தனும் மூக்கைப் பிடிக்கவில்லை. எட்டுப் பேரில் அஞ்சு பேர் வீட்டிலும் அதே வாடை.

இந்தப் பாய் விரிக்கிற இடமும் சும்மா கிடைத்ததில்லை. ஊருக்குள் நம்மாளுக்கு வாடகைக்கு வீடு தரமாட்டான். பிறகு எங்கே தங்கிப் படிக்கிறது? கோலாப்பூரில் சாகு மகராஜ் 1908-இல் தீண்டப்படாத மாணவருக்கென்று விடுதி திறந்தார். சோலாப்பூரில் 1925-இல் பாபாசாகேப்பின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை திறந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தில் நம் பிள்ளைகள் படிப்பும் விடுதியும் முதலில் லேபர் கமிஷனர் கையில் இருந்தன. 1949-இல்தான் அரிசன நலத்துறை தனியாக வந்தது. சேரிப் பிள்ளையின் படிப்பை லேபர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்!

நம்ம பக்கத்தில் ஆற்காடு மிஷன் 1853-லேயே வந்தது, வேலூரில் ஊரிசு கல்லூரி 1898. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919. மேல்விஷாரம் கல்லூரிக்குத் தோல் வியாபாரி அப்துல் ஹக்கீம் பேர். தோல்காசு கல்லூரியானது நல்ல காரியம்தான், குறை சொல்லலை. சுண்ணாம்புக் குழியில் இறங்கினவன் பிள்ளை ராத்திரி எங்கே படுப்பான் என்பது தனிக் கேள்வி. அதுக்குப் பதில் அரசு விடுதி ஒண்ணுதான். 2025-இல் அதுக்குச் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றினார்கள். பேர் நல்லாயிருக்கு. தலைக்கு எத்தனை அடி தரை என்று கேட்கணும்.

எங்க ரூமுக்கு ஒன்பதாவதா ஒருத்தன் வந்தான், பேரணாம்பட்டுப் பக்கம். பட்டியலில் பேர் இருந்தது, பெட்டி வைக்க இடமில்லை. "வேற ரூம் பாருப்பா" என்றோம். நானும்தான் சொன்னேன். ஒரு வாரம் வராந்தாவில் படுத்தான். மழை வந்து பெட்டிக்குள் தண்ணி இறங்கிவிட்டது. காகிதங்களைக் கொடியில் காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு போனவன்தான். அடுத்த வருஷம் ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினான். என்னைப் பார்த்துச் சிரித்து, "படிக்கிறியாண்ணா?" என்றான்.

போன மாசம் சித்தப்பா பெட்டியை அளந்தேன். அகலம் ஒன்றேகால் அடி.