மிசோரி சமரசம்

மிசோரியை அடிமை முறை உள்ள மாநிலமாகவும் மேயினை அது இல்லாத மாநிலமாகவும் ஒன்றியத்தில் சேர்க்க அமெரிக்கக் காங்கிரஸ் 1820இல் செய்துகொண்ட உடன்பாடே மிசோரி சமரசம். லூசியானா நிலப்பரப்பின் எஞ்சிய பகுதியில் 36°30′ வட அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்பதும் இதன் ஒரு கூறு. நாடு மேற்கே விரியும்போது அடிமை முறையும் கூடவே விரியலாமா என்ற கேள்வியைக் காங்கிரஸ் நேருக்கு நேர் சந்தித்த முதல் பெரும் மோதலின் விளைவு இது. 34 ஆண்டுகள் இது சட்டமாக நீடித்தது.

மோதலின் வேர் 1803இல் இருக்கிறது. அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் அரசு, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே சுமார் 8,28,000 சதுர மைல் கொண்ட இந்த லூசியானா நிலப்பரப்பை நெப்போலியனிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு வாங்கியது. உண்மையில் கைமாறியது அந்நிலத்தின் மீது பிரான்சு கொண்டாடிய உரிமை மட்டுமே. அங்கு வாழ்ந்த பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை. இன்றைய மிசோரியின் பெரும்பகுதி ஓசேஜ் மக்களிடமிருந்து 1808இல்தான் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் பறிக்கப்பட்டது. பிரிட்டனுடனான 1812ஆம் ஆண்டுப் போர் ஓய்ந்ததும் கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியா பகுதிகளிலிருந்து குடியேறிகள் தாம் அடிமைப்படுத்தியிருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு மிசோரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வந்து குவிந்தார்கள். 1820ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கிருந்த 66,586 பேரில் 10,222 பேர் அடிமைகள்.

மாநிலத் தகுதி கோரிய மிசோரியின் மசோதா 1819 பிப்ரவரியில் பிரதிநிதிகள் அவைக்கு வந்தபோது, நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது. மாநிலமான பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். ஏற்கெனவே அடிமையாக இருந்த ஒருவரைக்கூட இது விடுவிக்கவில்லை. இவ்வளவு மிதமான கோரிக்கைக்கே தென்மாநில உறுப்பினர்கள் ஒன்றியம் உடையும் என்றும் இரத்தம் சிந்தும் என்றும் மிரட்டினார்கள். டால்மட்ஜ் பின்வாங்கவில்லை. திருத்தத்தின் முதல் பகுதி 87க்கு 76 என்றும், இரண்டாவது 82க்கு 78 என்றும் அவையில் நிறைவேறின. செனட் இரண்டையும் தள்ளுபடி செய்தது.

இரு அவைகளும் வேறு திசைகளில் போனதற்குக் காரணம் உண்டு. மக்கள்தொகை வடக்கில் வேகமாகப் பெருகியதால் பிரதிநிதிகள் அவை வடக்கின் கைக்குப் போய்விட்டது. மாநிலத்துக்கு இரண்டு இடம் என்ற செனட்டிலோ, 1819 டிசம்பரில் அலபாமா சேர்ந்தபின் இரு தரப்பும் பதினொன்றுக்குப் பதினொன்று என நின்றன. போதாததற்கு, வாக்குரிமையே இல்லாத அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைக் கணக்கில் சேர்த்துத் தென்மாநிலங்கள் பிரதிநிதிகள் அவையில் கூடுதல் இடங்கள் பெற அரசியலமைப்பு வழிசெய்திருந்தது. இந்த அநீதி புதிய மாநிலங்களுக்கும் பரவுவதை வடக்கில் பலர் எதிர்த்தார்கள். அவர்களில் அறத்தின் பெயரால் பேசியவர்களும் இருந்தார்கள், அதிகாரக் கணக்கை மட்டும் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

முடிச்சை அவிழ்க்க மேயின் கைகொடுத்தது. மாசசூசெட்சிலிருந்து பிரிந்து தனி மாநிலமாக அது காத்திருந்தது. மாசசூசெட்ஸ் கொடுத்த அனுமதி 1820 மார்ச்சில் காலாவதியாகவிருந்தது. செனட் மேயின், மிசோரி மசோதாக்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டியது. இல்லினாய் செனட்டர் ஜெஸ்ஸி தாமஸ் 36°30′ கோட்டை முன்மொழிந்தார். பிரதிநிதிகள் அவையின் தலைவர் ஹென்றி கிளே, மொத்தமாக வைத்தால் தோற்றுவிடும் என்று உணர்ந்து, தனித்தனியாக வாக்கெடுப்பு நடக்கும்படி பார்த்துக்கொண்டார். மார்ச் 2 அன்று, மிசோரியில் அடிமை முறைக்கு அவை விதித்திருந்த கட்டுப்பாட்டை நீக்கும் தீர்மானம் 90க்கு 87 என்று மயிரிழையில் நிறைவேறியது. வட உறுப்பினர்கள் 14 பேர் தெற்கோடு சேர்ந்து வாக்களிக்காவிட்டால் அது நடந்திருக்காது. கோடு 134க்கு 42 என எளிதாக நிறைவேறியது.

மறுநாள் வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப், முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரி எழுந்தார். வழக்கமான அலுவல்கள் முடியட்டும் என்று கிளே அவரை உட்காரவைத்தார். அந்த இடைவெளியில் மசோதாவில் கையெழுத்திட்டுச் செனட்டுக்கு அனுப்பிவிட்டார். ராண்டால்ஃப் மீண்டும் எழுந்தபோது, மசோதா இப்போது அவையின் வசம் இல்லை என்று தீர்ப்பளித்தார். பிற்காலத்தில் சமரச நாயகர் என்று போற்றப்பட்ட கிளேயின் இந்தச் செயலைச் சாமர்த்தியம் என்பதைவிட அவை மரபுக்குச் செய்த துரோகம் என்பதே பொருந்தும்.

குடியரசுத் தலைவர் மன்ரோ கையெழுத்திடும் முன் தம் அமைச்சர்களைக் கலந்தார். ஆட்சிப்புலங்களில் அடிமை முறையைத் தடைசெய்யக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டென்று அனைவரும் ஒப்பினர். பின்னாளில் அடிமை முறையின் தலையாய காவலரான தென் கரோலினாவின் ஜான் கால்ஹூனும் அதில் அடக்கம். மார்ச் 6 அன்று மன்ரோ ஒப்பமிட்டார்.

ஆனால் மிசோரி வரைந்த அரசியலமைப்பு, சுதந்திரமான கறுப்பினத்தவர் மாநிலத்துக்குள் வந்து குடியேறுவதைத் தடுக்கச் சட்டமியற்றும்படி தன் சட்டமன்றத்துக்கு ஆணையிட்டது. சில வட மாநிலங்களில் அவர்கள் குடிமக்கள். ஒரு மாநிலக் குடிமகனின் உரிமைகளைப் பிற மாநிலங்களும் மதிக்க வேண்டும் என்பது நாட்டின் அரசியலமைப்பு விதி. மீண்டும் மோதல் வெடித்தது. 1821 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் தேர்தல் வாக்குகளை எண்ணியபோது, மிசோரி மாநிலமா இல்லையா என்பதே முடிவாகாததால், அதைச் சேர்த்தால் மன்ரோவுக்கு 231, சேர்க்காவிட்டால் 228 என்று இரண்டு விதமாகவும் அறிவித்தார்கள். குடிமக்களின் உரிமையைக் குறைப்பதாக அந்தப் பிரிவுக்குப் பொருள் கொள்வதில்லை என்று சட்டமன்றம் உறுதி தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் கிளே இதையும் முடித்துவைத்தார். மிசோரி ஆகஸ்ட் 10 அன்று 24ஆவது மாநிலமானது. கொடுத்த உறுதியை அது காப்பாற்றவில்லை. 1847இல் சுதந்திரமான கறுப்பினத்தவர் நுழையவே தடை விதித்தது. அவர்களுக்கு எழுத்தறிவிப்பதையும் குற்றமாக்கியது.

மெக்சிகோ போரில் கிடைத்த புதிய நிலங்கள் 1820ஆம் ஆண்டுக் கோட்டின் வரம்புக்குள் வரவில்லை. 1854ஆம் ஆண்டின் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் கோட்டையே நீக்கியது. கோட்டுக்கு வடக்கே சில ஆண்டுகள் வாழ்ந்ததைக் காட்டி விடுதலை கேட்ட மிசோரி அடிமை டிரெட் ஸ்காட்டின் வழக்கில், அத்தகைய தடை விதிக்கக் காங்கிரசுக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1857இல் கூறியது.

டால்மட்ஜின் திருத்தம் சட்டமாகியிருந்தால், 1821இன் இறுதியில் மிசோரியில் அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை 1846இல் விடுதலை பெற்றிருக்கும். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 1,14,931 அடிமைகள் இருந்தார்கள். 1865 ஜனவரி 11 அன்று, உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், மிசோரி மாநில மாநாடு அடிமை முறையை இழப்பீடு எதுவுமின்றி ஒழித்தது.