இணையவழிக் கட்டணத் தகவல்

இணையவழிக் கட்டணத் தகவல் என்பது, வல்லுநர்கள் திரட்டிச் சரிபார்த்து விளக்கும் செய்திகளையும் தரவுகளையும் பணம் செலுத்துவோருக்கு இணையத்தில் வழங்கும் முறை. எந்தத் தகவலுக்கு மக்கள் பணம் தருவர் என்பதைப் பெரும்பாலும் நான்கு கூறுகள் தீர்மானிக்கின்றன: இலவசமாகக் கிடைக்காமை, வாங்குவோரின் வரவு செலவுடன் நேரடித் தொடர்பு, உடனுக்குடன் புதுப்பித்தல், நம்பகத்தன்மை.

தொழில்சார் தகவலுக்கு நிலையான சந்தை உண்டு. நிதிச் செய்திகளுக்குப் பெயர்பெற்ற 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1990களிலேயே இணையச் சந்தா வசூலித்தது. இத்தகைய சந்தாவைப் பல நேரங்களில் வாசகர் பணியாற்றும் நிறுவனமே செலுத்துகிறது. வழக்கறிஞர்களுக்குத் தீர்ப்புகளைத் தேடித்தரும் 'லெக்சிஸ்' இணையப் பரவலுக்கு முன்பே, 1973இல், கட்டணச் சேவையாகத் தொடங்கியது. தனிநபர் சந்தையில், விளம்பரம் ஏற்காமல் நுகர்பொருள்களைச் சோதித்து மதிப்பிடும் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' தன் சார்பின்மையால் சந்தாதாரர்களைப் பெற்றது.

கருத்துக் கட்டுரைகளை விற்பது கடினமாக இருந்தது. அவற்றுக்கு இலவச மாற்றுகள் ஏராளம். 'ஸ்லேட்' இதழ் 1998இல் அறிமுகப்படுத்திய சந்தாவை 1999இல் கைவிட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' தன் பத்தியாளர்களின் எழுத்துக்கு 2005இல் விதித்த கட்டணத்தை 2007இல் நீக்கியது. 2011இல், மாதந்தோறும் சில கட்டுரைகளை இலவசமாகத் தந்து, மேலும் படிக்கச் சந்தா கோரும் முறைக்கு அது மாறியது. பழக்கமான வாசகர்களிடம் மட்டும் பணம் கோரும் இம்முறையைப் பிற நாளிதழ்களும் பின்பற்றின.