நோயிலா, மருந்திலா? ஏ380 வயரிங் சிக்கலும் வடிவமைப்புக் கணினி மாற்றமும்

ஏர்பஸ் ஏ380 விமானம் ஏன் தாமதமானது என்று கேட்டால் விடை தயாராக இருக்கிறது: ஹாம்பர்க் ஆலையில் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் 4ஆம் பதிப்பு, துலூஸில் 5ஆம் பதிப்பு, இரண்டும் ஒத்துப்போகவில்லை, வயர் எட்டவில்லை. மேலாண்மை வகுப்புகளில் இதுவே பாடம். இந்த வாசிப்பை முழுக்கத் தள்ள முடியாது. ஆனால் விளைவைக் காரணத்தின் இடத்தில் அது வைத்துவிட்டது என்பதே என் வாதம்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 4ஆம் பதிப்பு யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்களில் வேரூன்றியது. 5ஆம் பதிப்போ அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது, விண்டோஸிலும் ஓடியது. பழைய மாதிரியைப் புதியதில் திறந்தால் உருவம் வரும். அது எந்தப் படிகளில் உருவானது என்ற வரலாறு பல நேரங்களில் வராது. ஒரு விமானத்தில் சுமார் 1,00,000 வயர்கள், மொத்த நீளம் 530 கி.மீ., இணைப்பிகள் 40,300. எடையைக் குறைக்கப் பல இடங்களில் செம்பை விட்டு அலுமினியத்துக்குப் போனார்கள். அதே மின்தடைக்கு அலுமினிய வயரின் குறுக்குப்பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் வேண்டும். வளைக்கும்போதும் கூடுதல் இடம் கேட்கும். வளைவு அகன்றால் பாதை மாறும், பாதை மாறினால் நீளம் மாறும். ஹாம்பர்க்கிலேயே ஹார்னஸ் (வயர்க்கட்டு) பொருத்தி அனுப்பிய உடற்பகுதிகளைத் துலூஸில் இணைக்கப் போனபோது, சில முனைகள் இணைப்பிக்குச் சில சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டன.

இனி ஆவணத்துக்கு வருகிறேன். 2006 அக்டோபர் 3 அன்று தாய் நிறுவனமான ஈஏடிஎஸ் மூன்றாவது தாமதத்தை அறிவித்தது. புதிய கால அட்டவணைக்காகவும் நட்டக் கணக்குக்காகவும் மட்டுமே புரட்டப்படுகிற அறிக்கை அது. மூலகாரணம் பேசும் வாக்கியத்தில் இரண்டு செய்திகள்தான்: ஹார்னஸ் வடிவமைப்புக்கான முப்பரிமாண மாதிரி தாமதமாகப் புகுத்தப்பட்டது; அதில் வேலை பார்த்தவர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருந்தார்கள். பதிப்பு எண் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாத் தளங்களுக்கும் ஒரே கருவி என்ற பேச்சு அடுத்துத்தான் வருகிறது, பரிகாரங்களுள் ஒன்றாக. பக்கத்திலேயே பயிற்சியும் இருக்கிறது. மருந்துச் சீட்டில் இருந்ததை எடுத்து நோயின் பெயராக எழுதியிருக்கிறார்கள்.

மருந்தில் இருந்தால் நோயிலும் இருந்திருக்கும்தானே? நியாயமான கேள்வி. தவிர, நிறுவன அறிக்கை மறைக்க வேண்டியதை மறைத்துத்தான் எழுதப்படும். ஆனால் மறைப்பதே நோக்கமென்றால் மென்பொருள்மேல் பழி போடுவது எவ்வளவு வசதி! தன் ஆட்களுக்கே கருவி இன்னும் கைவரவில்லை என்று ஒப்புக்கொள்வது அல்லவா கூச்சமான காரியம்? அதனால்தான் அந்த வாக்கியத்துக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். சான்று மெலிந்தது என்பது தெரிந்தே கொடுக்கிறேன்.

போயிங் 777 ஓர் ஒப்பீடு தருகிறது. 2,200க்கும் மேற்பட்ட ஒர்க்ஸ்டேஷன்கள், எல்லாம் ஒரே கேட்டியா அமைப்பில். அப்படியும் திரையை அவர்கள் உடனே நம்பிவிடவில்லை. மூக்குப்பகுதிக்கு உண்மையான மாதிரி ஒன்றைக் கட்டிப் பார்த்து, திரையில் கண்டது அதில் பொருந்திய பிறகே மற்ற மாதிரிகளைக் கைவிட்டார்கள். ஒரே பதிப்பு இருந்தும் பழகிச் சரிபார்க்க அவகாசம் வேண்டியிருந்தது.

காலவரிசைதான் இன்னும் உறுத்துகிறது. 5ஆம் பதிப்பு வந்தது 1998-99இல். ஏ380 திட்டம் தொடங்கியது 2000 டிசம்பர் 19இல். ஏர்பஸ் பங்காளிகளின் கூட்டமைப்பாக இருந்த நிலை மாறி ஒற்றை நிறுவனமானது 2001இல். அதாவது, ஹாம்பர்க்கின் கருவியும் துலூஸின் கருவியும் தனித்தனி வீடுகளிலிருந்து கொண்டுவந்த சீதனங்கள். அப்படியானால் அறிக்கையில் வரும் ‘தாமதமாக’ என்ற சொல்லை எந்த நாளிலிருந்து எண்ணுவது? திட்டம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் குற்றம் வடிவமைப்புத் தலைமையின்மேல் விழுகிறது. ஒற்றை நிறுவனமான நாளிலிருந்து எண்ணினால் இணைப்பை நடத்தியவர்கள்மேல் விழுகிறது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். அறிக்கையின் வாசகமோ இரண்டுக்கும் இடம் தருகிறது.