ஒரு சீட் கூடினால் ஒரு சீட் குறையும்

மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்கு சீட் பிரிப்பது வெறும் வகுத்தல் கணக்குதானே? சிக்கல் புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது. எந்த மாநிலமும் 7.6 உறுப்பினரை அனுப்ப முடியாது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை 1792-லேயே வந்துவிட்டது. அலெக்சாண்டர் ஹாமில்டன் சொன்ன வழி இது: முதலில் எல்லோருக்கும் முழு எண்ணை மட்டும் கொடு; மிச்ச சீட்டுகளை, யாருடைய பின்னம் பெரிதோ அவர்களுக்கு வரிசையாகக் கொடு. ஜார்ஜ் வாஷிங்டன் அந்த மசோதாவை நிராகரித்தார். அமெரிக்க அதிபர் ஒருவர் பயன்படுத்திய முதல் வீட்டோ அதுதான். ஆனாலும் 1850-களில் அதே முறை நடைமுறைக்கு வந்தது.

1880 சென்சஸ் முடிந்ததும், சென்சஸ் அலுவலகத் தலைமை எழுத்தர் சி. டபிள்யூ. சீட்டன், பிரதிநிதிகள் சபையில் 275 முதல் 350 இடங்கள் வரை ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். சபையில் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8. 300 என்றால் 7! ஒரு ஆள்கூட ஊரைவிட்டுப் போகவில்லை. மொத்த சீட் கூடியது, அலபாமாவுக்குக் குறைந்தது.

எப்படி? சின்னதாக ஒரு கணக்கு. மூன்று மாநிலங்கள், மக்கள்தொகை 60, 60, 20 லட்சம். 10 சீட் என்றால் பங்கு 4.29, 4.29, 1.43. முழு எண்களைக் கொடுத்தபின் மிஞ்சும் ஒரு சீட், பின்னம் பெரிதாக உள்ள சின்ன மாநிலத்துக்குப் போகும்: 4, 4, 2. இப்போது 11 சீட். பங்கு 4.71, 4.71, 1.57. மிஞ்சுகிற இரண்டையும் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்: 5, 5, 1. சபை வளரும்போது பெரிய மாநிலத்தின் பங்கு வேகமாக ஏறுகிறது. பின்னப் போட்டியில் சின்னது பின்தங்கிவிடுகிறது.

முறையை மாற்றினால் சரியாகிவிடுமா? பாலின்ஸ்கியும் யங்கும் 1982-இல் வெளியிட்ட புத்தகம் அதற்குப் பதில் சொல்கிறது. 7.6 பங்கு உள்ளவருக்கு 7 அல்லது 8 மட்டுமே தருவேன் என்று உறுதி சொல்லும் எந்த முறையிலும், வேகமாக வளர்ந்த மாநிலம் மெதுவாக வளர்ந்த மாநிலத்திடம் சீட்டை இழக்கும் நிலை வரலாம். இரண்டு நியாயமும் ஒன்றாகக் கிடைக்காது.

நம்மூர் தொகுதி மறுவரையறை விவாதத்தில் எந்த ஆண்டின் மக்கள்தொகை என்பதைப் பற்றியே பேசுகிறோம். பின்னங்களை என்ன செய்வது என்ற கேள்வியும் அங்கே உண்டு. மாநிலங்களுக்கிடையே விகிதம் ‘இயன்றவரை’ சமமாக இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 81-வது பிரிவு. அந்த ‘இயன்றவரை’க்கான விதியை, எண்கள் கைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. விடை தெரிந்தபின் விதியைத் தேடினால், அவரவர் தங்களுக்கு லாபமான கணக்கைத்தான் நியாயம் என்பார்கள்.