குதிரை, மிதிவண்டி, புல்லட்: பொதுச்சாலை உரிமையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்

பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம், 1989, 2015ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அத்திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது சேர்க்கப்பட்ட பிரிவு 3(1)(இசட்ஏ) குறித்து நம் தோழர்களிடையே போதிய அறிமுகம் இல்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரோ பழங்குடியினர் ஒருவரோ பொதுவிடத்தில் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் நடத்துவதையும், அவ்வூர்வலத்தில் குதிரை மீதோ வேறு ஊர்தியிலோ ஏறுவதையும் தடுப்பது குற்றம் என்கிறது அதன் (பி) உட்கூறு. சாலை, வழி, சுடுகாடு, நீர்நிலை, பொது ஊர்தி முதலியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதை (ஏ) உட்கூறு குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும்.

சாலையைப் பகிர்ந்துகொள்வது குறித்து நாட்டில் வேறு சட்டங்களும் உண்டு. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலையில் இரண்டு ஊர்திகள் எதிரெதிரே வந்து, இரண்டுக்கும் இடம் போதாவிட்டால், இறங்கி வருவது ஒதுங்கி நின்று ஏறி வருவதற்கு வழிவிட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. ஏறுபவர் யார், இறங்குபவர் யார் என்று அவ்விதி கேட்பதில்லை. ஊர்த் தெருக்களிலோ ஊர்தியைப் பார்ப்பதற்கு முன்பே அதில் அமர்ந்திருப்பவரின் சாதி பார்க்கப்படுகிறது. நாடாளுமன்றம் குதிரையையும் மிதிவண்டியையும் பெயர் சொல்லித் தண்டனைச் சட்டத்தில் எழுத நேர்ந்தது இதனால்தான்.

இந்தத் தடையை வடநாட்டு வழக்கம் என்று கருதுவோர் 1931ஆம் ஆண்டின் இராமநாதபுரத்தைப் படிக்க வேண்டும். 1930இல் அம்மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். மறு ஆண்டில் அவை பதினொன்றாக விரிந்தன. 1931 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். அட்டன் தம் ‘இந்தியாவில் சாதி’ என்னும் ஆங்கில நூலில் அவற்றைப் பதிவு செய்துள்ளார். ஆடை, அணிகலன், பாத்திரம் பற்றிய தடைகளோடு, தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை ஆதிதிராவிடர் நிறுத்த வேண்டும், திருமண ஊர்வலத்துக்கு வீட்டுக் கதவையே பல்லக்காகக் கொள்ள வேண்டும், எந்தத் தேவைக்கும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. தடை விதிக்கப்பட்டது என்றால், அதற்கு முன் அம்மக்கள் குதிரையேறிச் சென்றுகொண்டிருந்தார்கள் என்பது பொருள். பறிக்கப்பட்டதையே நாம் திரும்பக் கேட்கிறோம். ஊர் எல்லையில் அய்யனார்க்கு மண்குதிரை செய்து நிறுத்தும் நாடு இது. குதிரை தெய்வத்துக்கு ஆகும், சேரி மாப்பிள்ளைக்கு ஆகாது.

இந்த உரிமைக்கான போராட்டமும் பழையது. 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்று, எதிர்த்தவர்களை நேருக்கு நேர் சந்தித்தார். 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளுக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. அதே ஆண்டில் சென்னை சட்டமன்ற மேலவையில் பொதுச்சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் எல்லாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையும் ஆனது. வைக்கத்தைக் கொண்டாடுவோர் இத்தீர்மானத்தையும் உடன் சேர்த்துப் பேசினால் நன்று. அரசமைப்பின் 15(2) உறுப்பு ‘சாலைகள்’ என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு இத்தகைய போராட்டங்களே அடித்தளம்.

அண்மை நிகழ்வுகளுக்கு வருவோம். 2018 மார்ச்சில் குசராத்தின் பாவ்நகர் மாவட்டம் டிம்பி சிற்றூரில் குதிரை வைத்திருந்த தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். குதிரையேறியதே காரணம் என்று குடும்பத்தார் முறையிட்டனர். அதே ஆண்டில் உத்தரப்பிரதேசத்தின் காசுகஞ்சில் ஒரு தலித் மணமகன் ஊர்வலம் செல்வதற்காக உயர்நீதிமன்றம் வரை போய், இறுதியில் பெருங்காவலுடன் திருமணம் செய்துகொண்டார். 2022இல் இராசத்தானின் பூந்தி மாவட்டக் காவல்துறை தலித் மணமகன்கள் குதிரையேறிச் செல்வதற்கென்றே ‘ஆபரேசன் சமந்தா’ என்ற பெயரில் தனி ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தின் இராசாவூரில், அதுவரை செருப்பணிந்து நடக்க முடியாதிருந்த தெருவில் தலித் மக்கள் செருப்புடன் நடந்து அத்தடையை உடைத்தனர். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டி வந்ததைப் பொறாததே காரணம் என்பது குடும்பத்தாரின் புகார். ஊர்தி மாறுகிறது, எதிர்ப்பு மாறவில்லை.

நம் அரசு 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் அதனைப் பிற மாணவர்க்கும் விரிவாக்கியது. சிறந்த திட்டம். ஆனால், மிதிவண்டி வாங்கிய மாணவி எந்தத் தெருவின் முனையில் இறங்கி அதனை உருட்டிச் செல்ல நேர்கிறது என்று எந்தத் துறையும் கணக்கெடுப்பதில்லை.

சேசசமுத்திரம்

கள்ளக்குறிச்சிப் பகுதியில் பொதுச்சாலைப் பூசலின் கொடிய வடிவம் 2015 ஆகஸ்ட் 15 இரவு நிகழ்ந்தது. சங்கராபுரம் அருகே சேசசமுத்திரத்தில் தலித் மக்கள் தங்கள் மாரியம்மனுக்குத் தேர் செய்திருந்தனர். அத்தேர் பொதுச்சாலை வழியாகச் செல்லக் கூடாது என்பது ஆதிக்கச் சாதியினரின் நிலை. சில ஆண்டுகளாக நீடித்த பூசலில் அதிகாரிகளின் பேச்சுவார்த்தைகள் நடந்தன. தேரோட்டத்துக்கு முந்தைய இரவில் கும்பல் ஒன்று தேரைக் கொளுத்தியது, குடிசைகளும் எரிந்தன, பாதுகாப்புக்கு வந்த காவலர்களும் காயமுற்றனர். நாட்டின் விடுதலை நாளன்று இது நடந்தது. அவ்வூர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது.

அங்கே கோரப்பட்டது கோயில் நுழைவு அன்று. தங்கள் தெய்வம், தங்கள் தேர், தங்கள் பணம். பொதுவானது சாலை மட்டுமே. அரசுப் பணத்தில் போடப்பட்ட அந்தச் சாலையை ஒரு சாதியின் முற்றமாகக் கருதுவதுதான் பூசலின் வேர். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4இன்படி, தீண்டாமை காரணமாகச் சாலையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும், சமய, சமூக ஊர்வலம் நடத்த விடாமல் தடுப்பதும் அப்போதே குற்றம். சட்டம் இல்லாததால் தேர் எரியவில்லை.

சட்டம் எங்கே தடுக்கி விழுகிறது என்பதை வழக்குகளில் காண்கிறோம். முதலாவது, ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. வட்டாட்சியர் அலுவலகத்தில் இரு தரப்பையும் எதிரெதிரே அமர்த்தி, வேறு பாதையில் போக ஒப்புக்கொள்ளுமாறு தலித் தரப்பிடம் கையொப்பம் கேட்கிறார்கள். அக்கையொப்பம் பின்னாளில் நமக்கு எதிரான ஆவணமாக நீதிமன்றத்தில் வைக்கப்படும். அரசமைப்பு உறுதி செய்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிட வேண்டாம். ஒப்புதல் இல்லை என்பதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலேயே எழுதச் சொல்லி, படி ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, தடையுத்தரவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163ஆம் பிரிவு. ‘சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று கூறி ஊர்வலத்தையே தடை செய்துவிடுகின்றனர். உரிமையைப் பயன்படுத்துபவரை அடக்குவதற்கன்று, அதில் தலையிடுபவரைத் தடுப்பதற்கே இந்த அதிகாரம் முதலில் பயன்பட வேண்டும் என்பதை குலாம் அப்பாஸ் வழக்கில் (1981) உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. தடையுத்தரவை எதிர்க்கும் மனுவில் இத்தீர்ப்பை விடாமல் சுட்ட வேண்டும்.

மூன்றாவது, தவறான பிரிவில் வழக்கு. வண்டியை மறித்து, சாதி சொல்லித் திட்டி, அடித்திருப்பார்கள். காவல் நிலையத்தில் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவற்றை மட்டும் எழுதிவிட்டு மறித்ததை விட்டுவிடுவார்கள். முன்னவை இரண்டும் பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில் இழிவு நிகழ்ந்ததை மெய்ப்பிக்கக் கோருபவை. 2020இல் கிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் அத்தேவையை இறுக்கமாகப் படித்ததிலிருந்து அங்கேதான் வழக்குகள் உடைகின்றன. (இசட்ஏ) உட்பிரிவின் சொற்களில் அந்த நிபந்தனை இல்லை; தடுத்ததே குற்றத்தின் உடல். ‘இது தனிப்பட்ட பகை’ என்ற எதிர்வாதம் நிச்சயம் வரும். அதற்காக, அதே நாளில் அதே தெருவில் மற்றவர்களின் வண்டிகள் தடையின்றிச் சென்றன என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும். தேநீர்க் கடைக்காரர், பால் வண்டிக்காரர் என்று தெருவை நாள்தோறும் பார்ப்பவர்கள் நல்ல சாட்சிகள்.

புகார் தந்தவுடன் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். முதல்நிலை விசாரணை தேவையில்லை என்கிறது பிரிவு 18ஏ. உச்சநீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அப்பிரிவு செல்லும் என்றது. துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்ய வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குப் பிரிவு 4 தண்டனை விதிக்கிறது. அப்பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினாலே கோப்பு நகர்வதைக் கண்டிருக்கிறோம். பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டவர் தரப்பைப் பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு நிலையிலும் கேட்க வேண்டும் என்கிறது. இந்த உரிமையை நாமே கேட்டுப் பெறாமல் விடுவது மிகுதி.

பிணத்துக்கும் பாதை

இதே தடை இறந்தவரையும் விடுவதில்லை. 2016 சனவரியில் அன்றைய நாகை மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப்பாதை வழியே கொண்டு செல்லலாம் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பிறகும், காவல்துறையே முதியவர் ஒருவரின் உடலை வேறு வழியில் தூக்கிச் சென்றது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டதால் பாலத்திலிருந்து கயிறு கட்டி உடலை இறக்கினர். அக்காணொலி வெளியான பின் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. ஆதிதிராவிடர்க்கெனத் தனிச் சுடுகாடு ஒதுக்குவதன் மூலம் அரசே இவ்வழக்கத்தை ஊக்குவிப்பதுபோல் தோன்றுகிறது என்றும் குறிப்பிட்டது. தனிப்பாதை போட்டுத் தருகிறோம் என்று அதிகாரிகள் சொல்லும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டிய கூற்று இது. தனிப்பாதை பூசலைத் தீர்ப்பதில்லை. அதற்குத் தார் போடுகிறது.

மலையில்

கல்வராயன் மலையில் நிலைமை வேறு. அங்கே மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர் உள்ளிட்ட ஜாகிர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் கிடந்த மலை அது. 2024 சூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, நீதியரசர்கள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் அவற்றுள் ஒன்று. சமவெளியில் சாலை உண்டு, செல்ல விடுவதில்லை. மலையில் செல்வதைத் தடுப்பார் இல்லாத இடத்தில் சாலை இருப்பதில்லை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருவது நம் மலைகள் பலவற்றிலும் முடியவில்லை. தருமபுரியின் கோட்டூர் மலைக்குக் கழுதை மேலும், கொடைக்கானலை அடுத்த வெள்ளக்கெவிக்குக் குதிரை மேலும் தேர்தல் பொருள்கள் ஏறுவதைத் தேர்தல்தோறும் நாளேடுகள் வியந்து படம் போடுகின்றன. வாக்கு வாங்க ஏறிய குதிரைக்குப் பின்னால் சாலை ஏறவில்லை.

இங்கே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைவிட 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே உதவும். ‘காட்டு நிலம், அனுமதி இல்லை’ என்பதே வழக்கமான பதில். அச்சட்டத்தின் பிரிவு 3(2) பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை முதலிய 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான நிலம், எக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாத வெட்டு, கிராம சபையின் பரிந்துரை ஆகியன நிபந்தனைகள். மாவட்ட வன அலுவலர் நிலையிலேயே இதற்கு ஒப்புதல் தர இயலும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால் பெசா சட்டத்தின் வலிமை நம் மலைக் கிராம சபைகளுக்கு இல்லை. எனவே 3(2) தீர்மானத்தின் மதிப்பு கூடுகிறது. நீண்ட சாலைக்கு ஒரு எக்டேர் போதாது என்பதும் உண்மையே. அதற்கு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதி வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலையிலோ அடிவாரத்திலோ பழங்குடியினர் ஒருவர் தலித் ஒருவரைத் தெருவில் மறித்தால் 1989ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. குற்றம் செய்பவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ ஆகாதவராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. புகாரை அதன்கீழ் எழுத வேண்டும். சமவெளிக்கு இறங்கி வரும் மலையாளி மக்களுக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டம் முழுப் பாதுகாப்புத் தருகிறது.

மாணவத் தோழர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பூசலுக்குரிய பாதை யாருடையது என்பதே நீதிமன்றத்தில் முதல் கேள்வியாக வரும். கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு ஆகிய மூன்றிலும் அப்பாதை வண்டிப்பாதையாகவோ தெருப் புறம்போக்காகவோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஊராட்சியின் சாலைப் பதிவேட்டையும், அச்சாலைக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு செலவிடப்பட்டது என்ற விவரத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகும். ஆடி மாதத் திருவிழாவுக்கு வைகாசியிலேயே மனு போட வேண்டும். தேர் கட்டத் தொடங்கிய பிறகு போட்டால், பதில் வருவதற்குள் தடையுத்தரவு வந்துவிடும்.