மவுத் ஆர்கன் சுருதிச் சுரண்டிகளும் அவற்றைத் தீட்டும் கலையும்

மவுத் ஆர்கன் என்று தமிழ்நாட்டில் அழைக்கப்படும் ஹார்மோனிகா, ரீடு எனப்படும் மெல்லிய உலோக நாக்குகளின் அதிர்வால் ஒலிக்கும் காற்றிசைக் கருவி ஆகும். பத்துத் துளைகள் கொண்ட சாதாரணக் கருவியில் 20 நாக்குகள் இருக்கும். ஊதும்போது பத்தும் உறிஞ்சும்போது பத்தும் ஒலிக்கும். இந்த நாக்குகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு பித்தளையைச் சுரண்டி எடுத்தே சுருதி சேர்க்கப்படுகிறது. அதற்குப் பயன்படுபவை சிறு சுரண்டி, நுண் அரம், செதுக்குமுனை போன்ற எளிய கைக்கருவிகள். இவற்றின் கூர்மையைப் பொறுத்தே கருவியின் சுருதியும் நாக்கின் ஆயுளும் அமைகின்றன.

நாக்கும் சுருதியும்

ஹார்மோனிகாவின் நாக்கு, ஒரு முனை தறையாணியால் தகட்டோடு பிணைக்கப்பட்டு மறுமுனை விடுபட்ட ஒரு சிறு பட்டை. விடுபட்ட முனையில் உலோகத்தைக் குறைத்தால் அப்பகுதியின் எடை குறைந்து நாக்கு வேகமாக அதிரும், சுருதி ஏறும். தறையாணிக்கு அருகில் குறைத்தால் நாக்கின் விறைப்பு தளர்ந்து அதிர்வு மெதுவாகும், சுருதி இறங்கும். நாக்கிசைக் கருவிகள் அனைத்துக்கும் இவ்விதி பொருந்தும். இந்தியாவில் ஆர்மோனியம் பழுதுபார்ப்போரும் இதே விதியின்படியே நாக்குகளைச் சுரண்டுகின்றனர்.

உலோகத்தை எடுப்பது மட்டுமே வழியன்று. மிகப் பழைய நாக்கிசைக் கருவிகளுள் ஒன்றான சீனத்துச் செங் கருவியில், நாக்கின் முனையில் மெழுகுப் பொட்டு வைத்து எடையைக் கூட்டிச் சுருதியை இறக்குவர். மெழுகைத் திரும்ப எடுத்துவிடலாம். சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது. ஐரோப்பாவில் சுரண்டும் முறை நிலைபெற்றபோது, கைத்தவறுக்கு இடமில்லாத ஒரு தொழிலும் அதனுடன் பிறந்தது.

கடிகாரத் தொழிலின் கொடை

1820களில் வியன்னாவிலும் ஜெர்மானிய நகரங்களிலும் வாயால் ஊதும் நாக்கிசைக் கருவிகள் பரவின. தென்மேற்கு ஜெர்மனியின் டிரோசிங்கன் என்ற சிற்றூர் இத்தொழிலின் முதன்மை மையங்களுள் ஒன்றாயிற்று. கடிகாரம் செய்யும் தொழிலைச் சேர்ந்த மத்தியாஸ் ஹோனர் 1857இல் அங்கே தம் பட்டறையைத் தொடங்கினார். முதல் ஆண்டில் அங்கு 650 கருவிகள் செய்யப்பட்டன.

ஹார்மோனிகாத் தொழிலில் கடிகாரக்காரர் இறங்கியதில் வியப்பில்லை. பித்தளைத் தகட்டை அறுப்பது, நுண் அரத்தால் தேய்ப்பது, சிறு எஃகு முனையைத் தீட்டி வைத்துக்கொள்வது ஆகியவை அவர் அன்றாடம் செய்த வேலைகள். கருவி செய்யப் பயன்பட்ட நல்ல எஃகுக்கும் கடிகாரத் தொழிலோடு தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் உலைமூசையில் உருக்கிய சீரான எஃகை உருவாக்கினார். கடிகாரச் சுருள்வில்லுக்கு நல்ல எஃகு தேடிய கடிகாரக்காரர் அவர். மாசு குறைந்த இவ்வகை எஃகில்தான் நுண்ணிய முனை உதிராமல் நிற்கும்.

சுரண்டி உருவாகும் விதம்

உலோக வேலைப் பட்டறைகளில் பழைய முக்கோண அரத்தைச் சுரண்டியாக மாற்றுவது நெடுநாள் வழக்கம். அரத்தின் பற்களைச் சாணையில் தேய்த்து நீக்கினால் மூன்று வழவழப்பான முகங்கள் கிடைக்கும். சமபக்க முக்கோண வடிவமாதலால் ஒவ்வொரு விளிம்பும் 60 பாகைக் கோணத்தில் அமையும். சவரக்கத்தியைப் போல மெல்லிய விளிம்பு இங்கே தேவையில்லை. பித்தளையில் பட்டதும் அது மடங்கிவிடும். அகன்ற கோணமும் சிறிதும் உருண்டுபோகாத விளிம்புமே சுரண்டிக்கு வேண்டியவை.

சாணை பிடிக்கும்போது வெப்பமே பெரிய பகை. எஃகு ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 300 பாகையை ஒட்டி நீல நிறமும் கொள்ளும். விளிம்பு நீலமானால் கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். அப்பகுதியைத் தேய்த்து நீக்கினால்தான் நல்ல எஃகு வெளிப்படும். ஆகவே அடிக்கடி நீரில் தோய்த்துக் குளிர்விப்பர்.

சாணைக்குப் பின் கல். முகத்தைக் கல்லின்மீது முழுமையாகப் படியவைத்து, ஆடாமல் தேய்க்க வேண்டும். ஒரு முகத்தைத் தேய்த்ததும் மறுபக்கத்தில் மயிரிழை போன்ற பிசிறு எழும். இரு முகங்களும் விளிம்பில் சந்தித்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு மென்கல்லில் மாறிமாறித் தேய்த்துப் பிசிறை நீக்குவர். விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பார்ப்பது பழைய சோதனை: கூராக இருந்தால் நகத்தைக் கவ்வும், மழுங்கியிருந்தால் வழுக்கும்.

அரத்தின் கதை வேறு. அதைக் கல்லில் தீட்ட இயலாது. பற்களில் பித்தளைத் துகள் அடைத்துக்கொண்டால் கம்பித் தூரிகையால் நீக்குவர். அடைப்பைக் குறைக்க முன்னதாகவே சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதும் உண்டு. முற்றிலும் தேய்ந்த அரங்களின் பழைய பற்களை அரைத்து நீக்கி, உளியால் புதிய பற்களை வெட்டித் தருவது அக்காலத்தில் தனித் தொழிலாகவே இருந்தது.

கற்களின் வரலாறு

நுண்முனை தீட்ட ஐரோப்பியர் பலவகை இயற்கைக் கற்களை நம்பியிருந்தனர். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் கல்லில் நுண்ணிய கார்னெட் படிகங்கள் உள்ளன. ஜெர்மனியின் துரிங்கியாவில் நீர் இட்டுத் தீட்டும் கற்கள் வெட்டப்பட்டன. கடிகாரக்காரரும் செதுக்குவோரும் துருக்கிக் கல்லையும், பின்னர் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் எண்ணெய்க்கல்லையும் விரும்பினர்.

1890களில் நிலைமை மாறியது. அமெரிக்கரான எட்வர்டு அச்செசன் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கி, 1893இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு ஒரே சீரான துகளளவு கொண்ட செயற்கைக் கற்கள் மலிவாகக் கிடைத்தன. 1950களில் செயற்கை வைரம் உருவானதும், மிகக் கடினமான எஃகையும் தேய்க்கும் வைரக் கற்களுக்கும் வைர அரங்களுக்கும் வழி பிறந்தது.

மழுங்கிய முனையின் விலை

கூரான சுரண்டி இலேசான அழுத்தத்திலேயே மெல்லிய சீவலை எடுக்கும். மழுங்கியதோ உலோகத்தைச் சீவாமல் அழுத்தும். வேலை செய்பவர் மேலும் அழுத்துவார், நாக்கு வளையும், நாக்குக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறிக் கருவி ஊதுவதற்குக் கடினமாகும். முனை வழுக்கினால் குறுக்குக் கீறல் விழும்.

இந்தக் குறுக்குக் கீறலே மிகவும் கேடானது. 440 அதிர்வெண் கொண்ட நாக்கு ஒரு மணி நேரம் தொடர்ந்து ஒலித்தால் ஏறத்தாழ 16 லட்சம் முறை வளைந்து நிமிரும். தறையாணிக்கு அருகில் விழுந்த கீறல் விரிசலாக வளர்ந்து, ஒருநாள் நாக்கு முறிந்துவிடும். திரும்பத் திரும்ப வளையும் உலோகம் சிறு சுமையிலும் முறியும் என்பதை ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடர்வண்டி அச்சுகளைக் கொண்டு ஆராய்ந்தார். நாக்கின் நீளவாக்கில் மட்டுமே சுரண்ட வேண்டும் என்ற பட்டறை விதிக்கும் அடிப்படை இதுவே.

காதும் அளவையும்

எப்போது சுரண்டுவதை நிறுத்துவது என்பதைக் காது சொன்னது. இரண்டு நாக்குகள் ஒரு அதிர்வு வேறுபட்டால் வினாடிக்கு ஒரு முறை ஒலி ஏறி இறங்கும். வேறுபாடு நீங்கியதும் அந்த அலை நின்றுவிடும். கிரேபெல்டு நகரின் பட்டு உற்பத்தியாளர் யோகான் ஹைன்ரிக் ஷைப்லர் இம்முறையில் இசைக்கவைகளின் அதிர்வை அளந்தார். 1834இல் ஸ்டுட்கார்ட்டில் 440 என்ற சுருதி அளவை முன்மொழிந்தவரும் அவரே.

அரைச்சுரத்தை நூறாகப் பகுத்தால் வரும் கூறு சென்ட் எனப்படும். 440 அதிர்வில் ஒரு சென்ட் என்பது கால் அதிர்வு மட்டுமே. ஹார்மோனிகாவில் சுரக்கூட்டு இனிமையாக ஒலிக்க, பெரிய மூன்றாம் சுரத்தை 400 சென்டிலிருந்து 386 அளவுக்கு இறக்குவது வழக்கம். இந்த 14 சென்ட் வேறுபாட்டை உண்டாக்கச் சில இலேசான சுரண்டல்களே போதும். சுரண்டும்போது நாக்கு சூடாகிச் சுருதி சற்று இறங்கும். ஆறிய பிறகே சரிபார்க்க வேண்டும். பொறுமையிழந்தவர் மேலும் சுரண்டிவிடுவார்.

இயந்திரத்துக்குப் பின்

1870களின் இறுதியில் கிளிங்கன்தாலின் யூலியஸ் பெர்த்தோல்ட் நாக்குத் தகடுகளைக் கடையும் இயந்திரத்தை உருவாக்கினார். உற்பத்தி பன்மடங்கு பெருகியது. மலிவான ஹார்மோனிகாக்கள் கடல் கடந்தன. ஆயினும் இறுதிச் சுருதி நெடுங்காலம் கையாலேயே சேர்க்கப்பட்டது. பெட்டியின்மீது நிறுவனத்தின் பெயர் இருந்தது. சுரண்டியைத் தீட்டி, ஒவ்வொரு நாக்காகக் கேட்டுச் சரிசெய்த ஆண்கள், பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

மலிவே இக்கலைக்கு ஊறாகவும் அமைந்தது. சுருதி கெட்ட கருவியைச் சரிசெய்வதைவிடப் புதியது வாங்குவது எளிது என்ற எண்ணம் பரவியது. அண்மைக் காலத்தில் பழுதுபார்க்கும் பழக்கம் இசைக்கலைஞரிடையே மீண்டும் வளர்ந்துள்ளது. 1847இல் தொடங்கப்பட்ட சைடல் நிறுவனம் துருவேறா எஃகு நாக்குகளைப் பயன்படுத்துகிறது. இவை பித்தளையைவிடக் கடினமானவை என்பதால் வைர அரங்கள் துணைக்கு வருகின்றன. மின்னணு அளவி சுருதியை எண்ணாகக் காட்டுகிறது. ஆனால் எவ்வளவு சுரண்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை இன்றும் நன்றாகத் தீட்டிய முனையைப் பிடித்த கையே தீர்மானிக்கிறது.